கேட்ச் கேன்: மூடிய சுற்றா, திறந்த குழாயா?

சுபாரு டபிள்யூஆர்எக்ஸின் பாக்ஸர் எஞ்சினில் சிலிண்டர்கள் படுக்கைவாட்டில் இருக்கும். வேகமாக வளைவெடுத்தால் ஆயில் ஒரு பக்கத்து ஹெட்டில் போய்த் தேங்கி, எஞ்சினின் உள்காற்றை வெளியேற்றும் குழாய் வழியே டர்போவுக்கு ஏறும். அதனால் அந்த ஆயிலை வழியில் பிடித்துவைக்கும் டப்பாவான கேட்ச் கேன் நல்லது. அதன் வெளிவாயை எங்கே விடுவது?

திறந்தவெளியில் விட்டால் ஆயில் ஆவி துளிகூட இன்டேக்குக்குள் (எஞ்சின் காற்றை இழுக்கும் பாதைக்குள்) போகாது. ரேஸ் டிராக்கில் அது பெரிய லாபம். ஆனால் பிசிவி வால்வை (எஞ்சினின் உள் ஆவியை இன்டேக்குக்கு விடும் ஒருவழி வால்வு) அடைக்காமல் இப்படிச் செய்தால், சென்சார் அளக்காத காற்று உள்ளே இழுக்கப்பட்டு எரிகலவை மெலிந்துவிடும். அடைத்துவிட்டாலோ, கிராங்க்கேஸில் (எஞ்சினின் அடிப்பெட்டியில்) சேரும் ஈரத்தையும் பெட்ரோல் ஆவியையும் வெளியே இழுக்க வெற்றிடம் இருக்காது. ஆயில் சீக்கிரம் கெடும். காருக்குள் நாற்றம் வேறு.

மூடிய சுற்றில் கேனிலிருந்து காற்று மறுபடி டர்போ வாய்க்கே போகிறது. பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) ஏறும்போது பிசிவி தானாக மூடிக்கொள்ளும். அப்போதும் அந்த வாயின் உறிஞ்சல் கிராங்க்கேஸ் அழுத்தத்தைக் குறைக்கும். கேனுக்குள் தடுப்புத் தகடுகள் மட்டும் நன்றாக இருக்கவேண்டும். தகடில்லாத வெறும் கேன் ஆயிலைச் சரியாகப் பிடிக்காது.

தினமும் சாலையில் ஓடும் கார் என்றால் நான் மூடிய சுற்றைத்தான் சொல்வேன். ரேஸுக்கு மட்டும் என்றால் சரி, திறந்தே விடுங்கள்.