கட்டைவிரல் வலி: ஜெல் கையுறையா, கிரிப் மாற்றமா?

மலைப்பாதையில் மவுண்டன் பைக் ஓட்டி கட்டைவிரலின் அடிமூட்டு வலிக்கத் தொடங்கினால் பலரும் முதலில் வாங்குவது ஜெல் வைத்த கையுறை. விலை குறைவு, மாட்டினால் போதும். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகிறவர்களுக்கு அது உதவவும் கூடும், உள்ளங்கை ஓரத்து அல்நார் நரம்பின் மேல் அழுத்தம் குறையும். ஆனால் கட்டைவிரல் வலிக்கு? ஜெல் மடிந்து திரளும்போது பிடி உறுதியாக இல்லை என்று தோன்றும், இன்னும் இறுக்கிப் பிடிப்போம், வலி கூடும்.

கிரிப்பை (ஹேண்டில்பார் முனையில் கை பிடிக்கும் உறை) மாற்றுவதில் கை அளவுதான் முக்கியம். சுமார் 30 மி.மீ. விட்டமுள்ள மெல்லிய கிரிப்பைப் பெரிய கை நசுக்கிப் பிடிக்கும், 33 மி.மீ. நிம்மதி தரும். சிறிய கைக்கு நேரெதிர். பிடித்துப் பாருங்கள்: விரல்நுனி கட்டைவிரலின் அடிச்சதையை லேசாகத் தொட்டால் சரியான அளவு, அழுத்திக் குத்தினால் மெலிது, எட்டவே இல்லையென்றால் தடிமன்.

என் ஓட்டு கிரிப்புக்கே. அதற்கு முன்னால் காசு செலவில்லாமல் ஒன்று செய்துவிடுங்கள். ஆலன் கீ (அறுகோண முனைச் சாவி) எடுத்து பிரேக் லீவரை ஒற்றை விரலுக்கு எட்டும்படி நெருக்கி வையுங்கள். அப்புறம் கியர் லீவரையும், கட்டைவிரல் நீண்டு துழாவாதபடி கொஞ்சம் நகர்த்துங்கள்.