ஏற்காடு போகிற காருக்கு 'பிரேக் கூலிங் டக்ட்' போட்டு ஏமாந்த கதை

சேலத்தில் கார் வைத்துக்கொண்டு அடிக்கடி ஏற்காடு ஏறி இறங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பிரேக் சூடாகிறது என்று ஒரு மாடிஃபிகேஷன் பட்டறையில் போய் நின்றேன். "கூலிங் டக்ட் போட்டுடலாம் சார், ரேஸ் கார்ல இருக்கிற அதே செட்டப்புதான்" என்றார் முதலாளி. ஓடும்போது வரும் காற்றைக் குழாய் வழியாக பிரேக்குக்குக் கொண்டுபோய்க் குளிர்விக்கிற ஏற்பாடுதான் இந்த டக்ட். 9,500 ரூபாய் வாங்கிக்கொண்டு அவர் போட்டது, சமையலறைச் சிம்னியில் புகை வெளியேற மாட்டுகிற அலுமினியத் தாள் பைப். அதுவும் காற்றே நுழைய முடியாத இடத்தில்.

மாமனார் வீடு நாகலூரில். அதனால் அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளும் எனக்குப் பழகிய பாதை. கார் பழையது; முன்னால் டிஸ்க் பிரேக் (சக்கரத்தோடு சுற்றும் தட்டைப் பிடித்து நிறுத்துவது), பின்னால் டிரம் பிரேக். கொஞ்ச நாளாகவே இறங்கும்போது அடிவாரம் நெருங்க நெருங்க பெடல் ஆழமாகப் போகும், கருகல் வாடை வரும். இதில் ஆச்சரியம் இல்லை. சேலத்தைவிட ஏற்காடு ஒரு கிலோமீட்டருக்கு மேல் உயரம். ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள கார் அவ்வளவு உயரம் இறங்கினால், ஆயிரம் வாட் அயர்ன் பாக்ஸை மூன்று மணி நேரத்துக்கு மேல் போட்டுவைத்த அளவு சக்தி எங்கேயாவது வெப்பமாகக் கழிந்தாக வேண்டும். குறைந்த கியரில் போட்டு எஞ்சினை வேகத்தைப் பிடிக்க விடாமல், பிரேக்கை மட்டும் மிதித்தால் அதில் பெரும்பங்கு முன் டிஸ்க்குகளுக்குத்தான் போகும்.

டக்ட் என்பது ஏமாற்று வேலை இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பம்பரில் காற்று அழுத்தும் இடத்தில் வாய் வைத்து, ஹோஸ் வழியாக அந்தக் காற்றை டிஸ்க்குக்குக் கொண்டுபோவது நல்ல ஏற்பாடு. கோவை கரி மோட்டார் ஸ்பீடுவேயில் ஓட்டுகிறவர்களுக்கு அது தேவைப்படலாம். ஆனால் உள்ளே தள்ளும் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்பத்தான் இருக்கும். 120 கிலோமீட்டர் வேகத்தில் கிடைப்பதில் பதினாறில் ஒரு பங்குதான் 30-ல் கிடைக்கும். கொண்டை ஊசி வளைவில் 30-க்கு மேல் யார் போகிறார்கள்? நான் மலைக்குத்தான் கேட்கிறேன் என்று தெரிந்தும் பட்டறைக்காரர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. பிரேக் ஆயில் எப்போது மாற்றினீர்கள் என்றும் கேட்கவில்லை. "சிலிக்கான் ஹோஸ், 300 டிகிரி தாங்கும்" என்றதோடு சரி.

காலையில் விட்ட வண்டியைச் சாயங்காலம் கொடுத்தார்கள். பம்பரின் இரண்டு பக்கமும் கருப்பு வலை, சுற்றிலும் சிவப்புக் கோடு. பார்க்க ஜோராகத்தான் இருந்தது. சக்கரத்தைக் கழற்றிக் காட்டச் சொன்னேன். "எல்லாம் மாட்டியாச்சு சார், இப்ப கழட்டினா பேலன்ஸ் கெட்டுடும்" என்றார். நான்கு போல்ட்டைக் கழற்றி மாட்டினால் எந்த பேலன்ஸும் கெடாது. இந்தப் பதிலைக் கேட்டால் அங்கேயே உஷாராகிவிடுங்கள், பணம் கொடுக்காதீர்கள்.

அடுத்த தடவை இறங்கும்போது ஒரு வளைவில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்ததும் இடது சக்கரத்தில் சரக் சரக் என்று சத்தம். இன்னும் சில வளைவுகள் தாண்டியதும் பெடல் கிட்டத்தட்ட தரையைத் தொட்டது. பின் சீட்டில் மனைவியும் குழந்தையும். முதல் கியருக்கு இறக்கி, ஹேண்ட்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து ஓரங்கட்டினேன். அரை மணி நேரம் கழித்து மிதித்தால் பெடல் பழையபடி கெட்டியாக நிற்கிறது! பிரேக் ஆயில் கொதித்தால் இப்படித்தான். ஆயிலில் உண்டாகும் ஆவி மிதித்தால் அமுங்கும், அதனால் பெடல் உள்ளே போகும்; ஆறினதும் திரும்பிவிடும். பட்டறைக்காரர்கள் ஊருக்குள் ஓட்டிப் பார்த்து "ஒண்ணும் இல்லையே" என்று சொல்ல இது வசதி.

மச்சான் லேத் பட்டறையில் வேலை பார்க்கிறவர். வீட்டில் ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்றினார். டயர் உரசி அலுமினியத் தாள் கிழிந்து, உள்ளே இருந்த கம்பிச் சுருள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன் முனை பிரேக்குக்கு ஆயில் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸைச் சுரண்டிக்கொண்டிருந்தது. அந்த ஹோஸ் மட்டும் அறுந்திருந்தால் இந்தப் பதிவை வேறு யாராவதுதான் எழுதியிருக்க வேண்டும். கிளாம்ப் கிடையாது, பிளாஸ்டிக் டேக் போட்டுக் கட்டியிருந்தார்கள். டிஸ்க் பக்கம் இருந்தது உருகி இளகியிருந்தது. பைப்பின் வாய் டிஸ்க்கின் வெளி விளிம்பைப் பார்த்து நின்றது. என் காரில் இருப்பது நடுவில் இடைவெளி விட்ட டிஸ்க். அது நடுவிலிருந்து காற்றை இழுத்து விளிம்பு வழியாக வெளியே தள்ளும். காற்று வெளியே வரும் பக்கத்தில் போய் ஊதினால் என்ன பிரயோசனம்?

அப்புறம் மச்சானுக்கு ஒரு சந்தேகம். கார் கழுவும் தண்ணீர்ப் பைப்பை பம்பர் வலைக்குள் பீய்ச்சினார். சக்கரம் பக்கம் ஒரு சொட்டுகூட வரவில்லை. வலைக்குப் பின்னால் கம்பெனி போட்ட பிளாஸ்டிக் மூடியை வெட்டாமலே, அதன் முதுகில் பைப்பைச் சொருகி வைத்திருந்தார்கள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

கிழிந்த பைப்பை எடுத்துக்கொண்டு போய்க் கேட்டதற்குக் கிடைத்த பதில்: "மலையில ஓட்டினா நாங்க என்ன சார் பண்றது?" பில்லில் 'பிரேக் வேலை' என்று மட்டும் எழுதியிருந்தது. எந்த ஹோஸ், என்ன அளவு, எதுவும் இல்லை.

கடைசியில் சேலம் லீ பஜார் பக்கம் மெக்கானிக் பெரியவர் ஒருவர் பார்த்தார். ஆயில் கன்னங்கரேல் என்று இருந்தது. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3, டாட் 4 என்பவை பிரேக் ஆயிலின் ரகங்கள். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரம்; ஈரம் ஏறினால் அது 140-க்கு இறங்கிவிடும். டாட் 4-க்கு அதே கணக்கு 230, 155. டிஸ்க்கைப் பிடிக்கும் பாகமான காலிப்பர் நகர்வதற்கான பின் ஒன்று இறுகிப்போய், பேட் (டிஸ்க்கை அழுத்தும் பட்டை) டிஸ்க்கை உரசியபடியே இருந்திருக்கிறது. பின்னைச் சுத்தம் செய்து கிரீஸ் வைத்து, பேட் மாற்றி, டாட் 4 ஊற்றி ஏர் எடுத்துக் கொடுத்தார். டக்ட்டுக்குக் கொடுத்ததில் பாதிகூட ஆகவில்லை. "இறங்கும்போது ரெண்டாவது கியரை விட்டு மாத்தாதீங்க தம்பி" என்றார். இப்போது பெடல் கீழே வரைக்கும் கெட்டியாக இருக்கிறது.

அப்படியும் டக்ட் வேண்டும் என்கிறவர்கள் ஹோஸைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். கண்ணாடி இழைத் துணியில் சிலிக்கான் பூசியதாக இருக்க வேண்டும். தாள்போலக் கசங்கினால் வேண்டாம். வண்டியைத் தூக்கி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்து, டயரோ பிரேக் ஹோஸோ எங்கும் உரசவில்லை என்று கண்ணால் பாருங்கள். தண்ணீர் பீய்ச்சிப் பார்க்கவும் மறக்காதீர்கள்.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது என்பதால் அங்கேயும் மனு தயாராகிறது. அது முடியும் வரை கடையின் பெயரைக் கேட்காதீர்கள். பைப், டேக், பில், போட்டோ எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.