டெல்லியில் வேலை பார்த்துக்கொண்டே பெண்ணியம் படிக்க: இக்னோ எம்.ஏ. எப்படி?

வேலையை விடாமல் பெண்ணியக் கோட்பாட்டை முறையாகப் படிக்க நினைக்கும் டெல்லித் தமிழர்களுக்குக் கைக்கெட்டும் வழி, இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் எனும் இக்னோவின் தொலைதூர எம்.ஏ. ஜே.என்.யூ.விலும் அம்பேத்கர் பல்கலைக்கழகத்திலும் ஆழமாகச் சொல்லித் தருகிறார்கள். ஆனால் அங்கே தினமும் வகுப்பில் போய் உட்கார வேண்டும். இக்னோ பாடநூல் கோவையாக, நேர்மையாக எழுதப்பட்டது. ஆனால் அதை மட்டும் நம்பினால் தேர்வு தேறும், துறை பிடிபடாது.

சேரும்போதே ஒரு குழப்பம் நடக்கிறது. ஒரே துறையின் கீழ் பெயர் ஒட்டிய இரண்டு எம்.ஏ.க்கள் இருக்கின்றன. மகளிர், பாலினவியல் படிப்பின் தாள்கள் எம்.டபிள்யூ.ஜி. என்று தொடங்கும், கோட்பாடு, அதிகாரம், கலை, ஊடகம் இதன் பக்கம். பாலினமும் வளர்ச்சியும் என்ற படிப்பின் தாள்கள் எம்.ஜி.எஸ்.; திட்டம், கொள்கை, களப்பணி அதன் பக்கம். தொண்டு நிறுவனத்தில் இருப்பவர்களுக்கு இரண்டாவது உதவும். கோட்பாடு வேண்டும் என்பவர்கள் தாளின் முன்னெழுத்தைச் சரிபார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

நேரக் கணக்கையும் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். இக்னோ 1 கிரெடிட்டுக்கு 30 மணி நேரப் படிப்பு என்று வைத்திருக்கிறது. 8 கிரெடிட் தாள் ஒன்றுக்கு 240 மணி நேரம். வாரம் 10 மணி நேரம் ஒதுக்கினால் ஒரே தாளுக்கு 24 வாரம் போய்விடும். குறைந்தபட்சக் காலம் 2 ஆண்டு, அதிகபட்சம் 4 ஆண்டு. வேலையும் வீடும் சேர்ந்தவர்கள் 3 ஆண்டு என்று திட்டமிடுவதே நியாயம். தேர்வைத் தமிழில் எழுத முடியாது.

பாடநூல்கள் முழுதும் இக்னோவின் இணைய நூலகமான இ-ஞானகோஷ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, சேராதவர்களுக்கும்கூட. அங்கே தேடல் பெட்டியை நம்ப வேண்டாம். பள்ளி, படிப்பு, தாள், தொகுதி, அலகு என்று படிப்படியாக இறங்குங்கள். ஒவ்வொரு அலகும் தனித்தனி பிடிஎஃப். இறக்கும்போதே தொகுதி எண்ணையும் அலகு எண்ணையும் கோப்பின் பெயரில் போடாவிட்டால் பிறகு வரிசை கலைந்துவிடும். எம்.டபிள்யூ.ஜி.-001, 002 இரண்டையும் ஒரு மாதம் படித்துப் பார்த்துவிட்டுச் சேரலாமா என்று முடிவெடுக்கலாம். இவ்வளவு பெரிய வசதியை வேறெந்தப் பல்கலைக்கழகம் தருகிறது?

குறை எங்கே என்றால், பாடநூல் என்பது சுருக்கம். அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989-இல் எழுதிய கட்டுரையைப் பலரும் 'ஒடுக்குமுறைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறுகின்றன' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அவர் கையில் எடுத்தது வழக்குகளை. ஜெனரல் மோட்டார்ஸ் மீது கறுப்பினப் பெண்கள் ஐந்து பேர் தொடுத்த வழக்கில், இனப் பாகுபாடு என்று ஒன்றும் பாலினப் பாகுபாடு என்று ஒன்றும் தனித்தனியே கேட்கலாம், இரண்டையும் சேர்த்துக் கேட்க முடியாது என்று 1976-இல் நீதிமன்றம் சொன்னது. நிறுவனம் பெண்களை வேலைக்கு எடுத்திருந்தது. அவர்கள் வெள்ளையினப் பெண்கள். கறுப்பினத் தொழிலாளர்களும் இருந்தார்கள், அவர்கள் ஆண்கள். சட்டத்தின் கண்ணுக்கு அந்த ஐந்து பேரும் தெரியவே இல்லை. வாதத்தின் உயிர் இங்கே இருக்கிறது. இதைப் படிக்காமல் எழுதும் விடை தட்டையாகத்தான் வரும்.

சாதி பற்றிய பகுதியிலும் இதே கதை. வரலாற்றாசிரியர் உமா சக்ரவர்த்தி 1993-இல், சாதித் தூய்மையும் நிலமும் கைமாறாமல் இருக்கப் பெண்ணின் பாலியல் ஏன் கட்டுப்படுத்தப்பட்டது என்று காட்டினார். தலித் பெண்கள் வேறாகப் பேசுவதற்கு வெளிக் காரணங்களும் உள்காரணங்களும் உண்டு என்றார் கோபால் குரு, 1995-இல். 1998-இல் ஷர்மிளா ரெகே, குருவின் கட்டுரைத் தலைப்பையே எடுத்துக்கொண்டு, 'வேறுபாடு' என்பதோடு நிற்கக் கூடாது, தலித் பெண்ணிய நிலைப்பாடு வேண்டும் என்று விவாதத்தை நகர்த்தினார். மூன்றும் ஈ.பி.டபிள்யூ. (எகனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லி) இதழில் வந்தவை, இந்த வரிசையிலேயே படிக்க வேண்டும். ஆய்வுக் கட்டுரைகளின் இணையக் களஞ்சியமான ஜேஸ்டோரில் இலவசக் கணக்கு தொடங்கினால் மாதம் 100 கட்டுரை வரை திரையில் படிக்கலாம், இறக்க முடியாது. எல்லாக் கட்டுரையும் அதில் திறக்காது.

அலகைத் திறந்ததும் கடைசிப் பக்க நூற்பட்டியலை முதலில் பாருங்கள். அதில் இரண்டு மூலக் கட்டுரைகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் 150 சொல்லில் குறிப்பெழுதுங்கள்: என்ன சொல்கிறார், எதை ஆதாரமாகக் காட்டுகிறார், யாருக்குப் பதில் சொல்கிறார். அப்புறம் அலகைப் படித்தால் அது எதை விட்டுவிட்டது என்பது தானே தெரியும்.

இது அகில இந்தியப் பாடம். தமிழ்நாட்டை ஆழமாக எதிர்பார்க்கக் கூடாது. அந்த இடத்தை நாமேதான் நிரப்ப வேண்டும், நிரப்பவும் நிறைய இருக்கிறது. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்களுக்குச் சொத்துரிமை கேட்டுத் தீர்மானம். 1947-இல் சென்னை மாகாணத் தேவதாசி ஒழிப்புச் சட்டம். 1967-இல் நிறைவேறிய சுயமரியாதைத் திருமணச் சட்டத் திருத்தம். 1989-இல் தமிழ்நாடு மகளுக்குப் பரம்பரைச் சொத்தில் கொடுத்த உரிமை. மத்திய சட்டம் அதைச் செய்தது 2005-இல்தான். குடும்பம், சொத்து, அரசு பற்றிய எந்தக் கேள்விக்கும் இவை உறுதியான எடுத்துக்காட்டுகள். தமிழ் நூல்களுக்கு ஆர்.கே.புரம் தமிழ்ச் சங்க நூலகம் உண்டு.

ஆய்வுக்கட்டுரை அளவுக்குப் போகிறவர்கள் கோல் மார்க்கெட் பாய் வீர் சிங் மார்க்கில் உள்ள சி.டபிள்யூ.டி.எஸ். (மகளிர் மேம்பாட்டு ஆய்வு மையம்) நூலகத்தைத் தவறவிடக் கூடாது. பெண்கள் நிலை பற்றி 1974-இல் அறிக்கை தந்த குழுவின் உறுப்பினர்-செயலர் வீணா மஜும்தார் முன்னின்று 1980-இல் அமைத்த மையம் இது. ஆர்.கே.ஆசிரம் மார்க் மெட்ரோவில் இறங்கிப் போகலாம்.

இக்னோ மதிப்பெண்ணில் வீட்டுப்பாடத்துக்கு 30 விழுக்காடு, ஜூன் அல்லது டிசம்பர் தேர்வுக்கு 70. இரண்டிலும் தனித்தனியே 40 விழுக்காடு வாங்க வேண்டும். பலர் சறுக்குவது வீட்டுப்பாடத்தில்: போன பருவத்து வினாத்தாளுக்கு விடை எழுதிவிடுகிறார்கள், அது செல்லாது. கையால் எழுதி, நகலெடுத்து, ஒப்புகைச் சீட்டை மதிப்பெண் ஏறும்வரை வைத்திருங்கள்.

கல்லூரி ஆசிரியர் பணிக்கான தகுதித் தேர்வான யு.ஜி.சி. நெட் எழுதுகிறவர்களுக்கு மகளிரியல் பாட எண் 74. இரண்டாம் தாளில் 100 கேள்வி, 200 மதிப்பெண், தவறுக்குக் கழிப்பு இல்லை. அங்கே ஆண்டு, ஆசிரியர், கருத்து மூன்றையும் பொருத்தச் சொல்வார்கள். மேலே சொன்ன 150 சொல் குறிப்புகளுக்கு மேல் தனிக் கையேடு வாங்கத் தேவையில்லை.