புதிய கேமராவில் எரியாத ஃபிளாஷ்: பணம் கட்டும் முன் ஹாட் ஷூவைப் பாருங்கள்

கேமராவின் தலைப்பகுதியில் வெளி ஃபிளாஷ் மாட்டுவதற்கென்று இருக்கும் உலோகப் பள்ளத்தை ஹாட் ஷூ என்பார்கள். புதிய டிஎஸ்எல்ஆர் கேமரா வாங்கப் போகிறவர்கள் லென்ஸையும் திரையையும் பார்ப்பதற்கு முன் அந்தப் பள்ளத்தின் இரு ஓரங்களையும் பாருங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். நான் பார்க்கவில்லை, 42,000 ரூபாய் ஏழு வாரம் கடையிலேயே முடங்கிக் கிடந்தது.

அக்கா மகளின் வளைகாப்புக்கு இரண்டு நாள் இருக்கும்போது, சென்னையில் ஓரளவு பெயர் பெற்ற ஒரு கடையில், 18-55 மி.மீ. லென்ஸுடன் கூடிய கேமராவை வாங்கினேன். பெட்டியின் ஒட்டுத்தாளை விற்பனையாளரே மேசைக்கு அந்தப் பக்கம் வைத்துக் கிழித்தார். ‘ஃபோகஸ் பாருங்க சார்’ என்று வாசலுக்கு அழைத்துப் போய், நண்பகல் வெயிலில் சாலையை நான்கு படங்கள் எடுத்துக் காட்டினார். வெயிலில் ஃபிளாஷுக்கு என்ன வேலை? அந்த நான்கு படங்களில் நான் திருப்தியடைந்துவிட்டேன்.

அன்று மாலை வீட்டுக் கூடத்தில் டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தபோதுதான் கோளாறு தெரிந்தது. ஃபிளாஷ் பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் கேமராவிலேயே உள்ள ஃபிளாஷின் மூடி எழவில்லை. நகத்தால் நெம்பினால் எழுந்து நின்றது, ஆனால் ஒளிரவில்லை. கையேட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சோதித்தேன். ஃபிளாஷை அணைத்து வைக்கும் முறையில் இல்லை, சத்தமின்றி எடுக்கும் முறையிலும் இல்லை, பேட்டரி முழுதாக ஏறியிருந்தது, எல்லா அமைப்புகளையும் தொடக்க நிலைக்குத் திருப்பியும் மாற்றமில்லை. ஃபிளாஷ் தயாராகும்போது உள்ளே இருக்கும் மின்தேக்கி ஏறக்குறைய 300 வோல்ட் வரை மின்னேற்றம் பெறும். அப்போது காதருகே வைத்தால் கொசு ரீங்காரம் போன்ற ஒரு மெல்லிய ஒலி கேட்கும். என் கேமராவில் அந்த ஒலியே இல்லை. விளக்கு பழுதாகி எரியாமல் போனதாகத் தோன்றவில்லை. அதை எரிக்க வேண்டும் என்ற நினைப்பே கேமராவுக்கு இல்லாதது போலிருந்தது.

மறுநாள் காலை கடைக்குத் தொலைபேசியில் சொன்னேன். ‘செட்டிங்ல ஏதோ மாறியிருக்கும் சார், நாலு நாள் பழகினா சரியாயிடும்’ என்றார்கள். வளைகாப்புப் படங்கள் அனைத்தும் இருண்டு, ஆட்டம் கண்டு போயின. மீண்டும் அழைத்தபோது பொறுப்பாளர் வெளியூரில் இருக்கிறார் என்றும், அதன்பின் வார இறுதி என்றும் தள்ளிப்போட்டார்கள். எட்டாம் நாள் நேரில் போனேன். மாற்றித் தரும் காலம் ஏழு நாள்தான், அது முடிந்துவிட்டது, இனி சர்வீஸ் சென்டரில்தான் பார்க்க வேண்டும் என்றார் அதே பொறுப்பாளர். செட்டிங்கைப் பார்க்கச் சொன்னது எனக்கு உதவுவதற்காக அன்று, நாளைக் கடத்துவதற்காகவே என்பது அப்போதுதான் விளங்கியது.

சர்வீஸ் சென்டரில் இருந்த இளைஞர் கேமராவை இயக்கக்கூட இல்லை. ஹாட் ஷூவின் மேல் விளக்கைச் சாய்த்து, ‘இதுல வெளி ஃபிளாஷ் நிறைய தடவை மாட்டிக் கழட்டியிருக்கீங்களா சார்?’ என்று கேட்டார். என்னிடம் வெளி ஃபிளாஷே கிடையாது. குனிந்து பார்த்தேன்: இரு ஓரங்களிலும் கறுப்புப் பூச்சு தேய்ந்து, வெள்ளி நிறக் கீறல்கள் நீளவாக்கில் ஓடின. ஓரத்தின் உட்புறத்தில் கடுகளவு சுவிட்ச் ஒன்று இருக்கிறது. வெளி ஃபிளாஷைச் செருகினால் அது அமுங்கும். உடனே கேமரா தன்னுடைய ஃபிளாஷை நிறுத்திக்கொள்ளும். என் கேமராவில் அந்தச் சுவிட்ச் வளைந்து, அமுங்கியபடியே சிக்கியிருந்தது. அவர் மெல்லிய பிளாஸ்டிக் துண்டால் அதைத் தட்டிவிட்டதும் மூடி துள்ளி எழுந்தது, ஃபிளாஷ் பளிச்சென்று அடித்தது. அடுத்த முறை மறுபடியும் சிக்கிக்கொண்டது. பிறகு கணினியில் இணைத்து ஷட்டர் எண்ணிக்கையை, அதாவது கேமரா இதுவரை எடுத்த படங்களின் எண்ணிக்கையைப் பார்த்தார்: 2,314. நான் எடுத்திருந்தவை இருநூறு படங்கள்கூட இல்லை. கடையில் காட்சிக்கு வைத்திருந்ததையோ, யாரோ பயன்படுத்தித் திருப்பிக் கொடுத்ததையோ புதிது என்று என் தலையில் கட்டியிருக்கிறார்கள். ஹாட் ஷூவின் நிலையையும் ஷட்டர் எண்ணிக்கையையும் சர்வீஸ் சென்டரின் ஜாப் ஷீட்டில் (சோதனைக் குறிப்புத் தாளில்) எழுதித் தரும்படி கேட்டு வாங்கிக்கொண்டேன். பிறகு எனக்குக் கைகொடுத்தது அந்த ஒரு தாள்தான்.

இடையில் ஒரு பழுது பார்ப்பவர் மேல்மூடியைத் திறந்து ஐந்நூறு ரூபாயில் சரிசெய்து தருவதாகச் சொன்னார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். திறந்தால் உத்தரவாதம் போய்விடும் என்பது ஒருபுறமிருக்க, பேட்டரியைக் கழற்றிய பின்னும் ஃபிளாஷ் மின்தேக்கியில் மின்னேற்றம் தங்கியிருக்கும். கை பட்டால் பலமான அதிர்ச்சி அடிக்கும்.

ஜாப் ஷீட்டுடன் கடைக்குப் போனபோது, கீறல்களை நானே உண்டாக்கியிருப்பேன் என்றார்கள். பில்லின் அடியில் அச்சிட்டிருந்த ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்ற வரியையும் விரலால் தொட்டுக் காட்டினார்கள். வாய்மொழியாகச் சொன்ன ஏழு நாள் பில்லில் எங்குமே இல்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் காலக்கெடு குறிப்பிடப்படாத நிலையில், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. அன்று பதினோராம் நாள். இதைக் குறிப்பிட்டுக் கடிதம் எழுதி, பில், ஜாப் ஷீட், கீறல்களின் படங்கள் ஆகியவற்றின் நகல்களை இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதிந்தேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது என்பதையும், நான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம் என்பதையும் கடிதத்தின் கடைசிப் பத்தியில் சேர்த்திருந்தேன்.

ஐந்து வாரம் கழித்து அதே பொறுப்பாளர் தாமாகவே அழைத்தார். வேறு கேமரா தருவதாகச் சொன்னார். பணம்தான் வேண்டும் என்றேன். சென்ற வாரம் 42,000 ரூபாய் என் கணக்குக்கு வந்து சேர்ந்தது. அதே பில்லில் சேர்த்து விற்ற கேமராப் பைக்கும் மெமரி கார்டுக்குமான 1,450 ரூபாயைப் பற்றிக் கேட்டதற்கு, அவை நன்றாகத்தானே இருக்கின்றன சார் என்றார்.