செருப்பில்லாமல் நிற்க முடியாத டெக்

வீட்டின் பின்புறம் உட்காரப் போட்ட திறந்த மரத்தளமான டெக்கைப் பெயர்த்துவிட்டு, மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த கம்போசிட் பலகை போடலாமா என்று அலுவலக நண்பர் கேட்டிருக்கிறார். ஒரு வரியில் பதில் சொல்லி முடிக்கப் பார்த்தேன், முடியவில்லை. கனடாவின் மார்க்கம் நகரில் எங்கள் வீட்டில் அந்தப் பலகை இப்போது ஐந்தாவது கோடையைப் பார்க்கிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய டெக் மக்காமலிருக்க மருந்தேற்றிய பைன் மரம். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மே மாத நீண்ட வார இறுதி விடுமுறையை அதற்கே நேர்ந்துவிட வேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சாயம் பூசி, மழை வந்துவிடுமோ என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். அப்படியும் படிக்கட்டுப் பக்கம் மக்கிப்போய், திருகாணி கையோடு கழன்று வந்தது. பிள்ளைகளின் பாதத்தில் சிராய் எடுப்பது வாராந்திர வேலை. இப்போது இது எதுவும் இல்லை. சோப்புத் தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். உள்ளே மரத்தூளும் பாலிஎத்திலீனும் கலந்த கலவை, வெளியே பிளாஸ்டிக் உறை. அந்த உறையின் தயவில் சாம்பார் கொட்டிய மஞ்சள்கூடத் தங்கவில்லை.

செலவு மரத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு. அது தெரிந்ததே. தெரியாமல் வருவது அடிச்சட்டம். கம்போசிட் பலகை மரத்தைவிட வளைந்துகொடுக்கும் என்பதால் சட்டங்களுக்கு நடுவே 16 அங்குலத்துக்கு மேல் இடைவெளி விடக்கூடாது, பலகையை மூலைவாட்டில் பதித்தால் பெரும்பாலும் 12. எங்கள் பழைய சட்டங்கள் 24 அங்குலத்தில் இருந்தன. அத்தனையையும் எடுத்துவிட்டுப் புதிய பைன் சட்டங்கள் போட்டோம். ஆக, 25 ஆண்டு உத்தரவாதம் உள்ள பலகையைச் சுமப்பது இன்றும் அதே மருந்தேற்றிய பைன்தான். உத்தரவாதச் சீட்டில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது சூடு.

கடைக்காரர் பிப்ரவரியில், வெளியே பனி கொட்டும்போது, உள்ளங்கை அகலத் துண்டு ஒன்றைக் காட்டி அடர்பழுப்பு நிறத்தை விற்றார். சூட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. பலகையோடு வந்த கையேட்டின் பின்பக்கத்தில், வெயில் நேரத்தில் காலணி அணியவும் என்று எறும்பு எழுத்தில் இருக்கிறது. பணம் கட்டிய பிறகு படிக்கக் கிடைக்கும் வரி அது. மரமும் வெயிலில் சுடும், மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பலகை பைனைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம். வாங்கிய சூட்டை நிறையச் சேர்த்துவைத்து, பாதம் பட்டதும் மளமளவென்று இறக்கிவிடுகிறது. தோசைக்கல்லின் சூடு பார்க்க வாங்கிய அகச்சிவப்பு வெப்பமானியைச் சென்ற ஜூலையில் அதன்மேல் காட்டினேன். காற்று 31 டிகிரி, பலகை 63. உச்சிவேளையில் கோயில் பிராகாரத்துக் கருங்கல்லில் ஓடுவதுபோல் ஓடுகிறோம். அங்கேயாவது நடப்பதற்கு வெள்ளைப் பட்டை அடித்து வைத்திருப்பார்கள்.

கோடையே நான்கு மாதம்தான். அந்த நான்கு மாதத்துக்காகப் போட்ட டெக்கில் மாலை ஆறு மணிக்கு முன் வெறுங்காலோடு நிற்க முடியாது. குடை வைத்தால் நிழல் நகர்ந்துவிடுகிறது. பாய் விரித்தால், பணத்தைக் கொட்டி வாங்கிய பலகையை எதற்காக மூடுகிறோம் என்று எரிச்சல் வருகிறது. அம்மா மட்டும் இதில் கட்சி மாறிவிட்டார். ஊரிலிருந்து வந்திருந்தபோது துணி விரித்துப் பிழிந்த வடாம் ஒரே பகலில் கலகலவென்று காய்ந்தது. தஞ்சாவூர் மாடியில்கூட இப்படிக் காயாதாம். அந்த ஒரு விஷயத்தில் எனக்கு வாதாட இடமில்லை.

குளிர்காலத்தில் குறை பெரிதாக இல்லை. பனியை உலோக மண்வெட்டியால் சுரண்டக்கூடாது, உறை கீறிவிடும். பிளாஸ்டிக் மண்வெட்டிதான். காய்ந்த நாட்களில் நடந்துபோய்க் கைப்பிடியின் இரும்பைத் தொட்டால் சுரீரென்று ஒரு மின் அதிர்ச்சி. பழகிவிட்டது.

முதலில் பாராட்டிவிட்டு இதைச் சொல்வது முரண்தான். நண்பரே, உங்கள் கொல்லை மேற்கு பார்த்தது, மரம் ஒன்றும் கிடையாது, பிள்ளைகளுக்கோ செருப்பு என்றாலே ஆகாது. மரமே போடுங்கள். சாயம் பூச ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். இல்லை, கம்போசிட்தான் என்று வீட்டில் முடிவாகிவிட்டால் வெளிர்சாம்பல் எடுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு முழுப் பலகையை வாங்கிவந்து, ஜூலை வெயிலில் மதியம் இரண்டு மணிக்கு அதன்மேல் வெறுங்காலோடு நின்று பாருங்கள். பலகை தர மறுக்கிற கடையில் முன்பணம் கட்டாதீர்கள்.