மாத்திரை டப்பாவா, தேக்கா பையா?

சிங்கப்பூர் தேக்கா சந்தையில் முருங்கைக்கீரை, கொய்யா, மீன் என்று வாரம் தவறாமல் வாங்கிச் சமைக்கிற வீட்டில் மல்டிவைட்டமின் டப்பா எதற்கு என்பதுதான் என் கட்சி. 100 கிராம் கொய்யாவிலேயே சுமார் 200 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கிறது, ஒரு நாளைக்குத் தாராளம். அதற்கு மேல் 1,000 மில்லிகிராம் மாத்திரை போட்டால் பெரும்பாலும் சிறுநீரில்தான் போகும். நார்ச்சத்தும் மாத்திரையில் ஏது?

ஆனால் வைட்டமின் பி12 வேறு கதை. என் அத்தை சுத்த சைவம், பால் தயிர்கூடத் தொடமாட்டார். அவருக்கு மாத்திரை கட்டாயம், எந்தக் கீரையும் ஈடுகட்டாது. வைட்டமின் டி-யும் அப்படித்தான், வெயில் கொளுத்துகிற ஊரில் இருந்துகொண்டே எம்ஆர்டி ரயில், ஏர்கான், வீடு என்று ஓடினால் குறையத்தான் செய்யும். அதற்காக அள்ளிப் போடவும் முடியாது, ஏ, டி எல்லாம் உடம்பில் தங்கிவிடும் ரகம். நான் பாலிகிளினிக்கில் ரத்தம் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் டி மட்டும் வாங்கினேன்.