அபு படங்கள் 4கே பெட்டி: ஒரு பழைய கேசட் கடைக்காரனின் பார்வை

ஒரு வட்டாரத்துக்கான டிஸ்கை இன்னொரு வட்டாரப் பிளேயரில் ஓடவிடாமல் தடுப்பதுதான் ரீஜன் பூட்டு. ப்ளூ-ரேவைவிடத் துல்லியமான 4கே டிஸ்குக்கு அது கிடையாது, ப்ளூ-ரேவுக்கு உண்டு. அபு என்ற பையன் வளர்ந்து ஆளாகும் கதையைச் சொல்லும் சத்யஜித் ரேயின் 'பதேர் பாஞ்சாலி', 'அபராஜிதோ', 'அபுர் சன்சார்' மூன்றையும் அமெரிக்காவின் க்ரைட்டீரியன் நிறுவனம் போட்ட பெட்டியாக வாங்க நினைக்கும் நம்மூர்க்காரர்கள் முதலில் இதை மண்டையில் ஏற்றிக்கொள்ள வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம். 2015-இல் வந்த ப்ளூ-ரே பெட்டி அமெரிக்காவுக்கான 'ஏ' ரீஜன். இந்தியா 'சி'. இங்கே வாங்கிய பிளேயரில் போட்டால் படத்துக்குப் பதிலாக ஒரு எச்சரிக்கை வாசகம் வந்து நிற்கும். 2024-இல் வந்த 4கே பெட்டியில் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு 4கே டிஸ்க், ஒரு ப்ளூ-ரே என்று இரண்டிரண்டு இருக்கின்றன. படங்கள் 4கே-யில் தடையில்லாமல் ஓடும். ஆனால் பேட்டி, ஆவணப்படம், பழைய ஒலிப்பதிவு எல்லாம் ப்ளூ-ரேயில்தான் இருக்கிறது. அதைப் பார்க்க எல்லா ரீஜனும் ஓடுகிற பிளேயர் வேண்டும். சிங்கப்பூர், மலேசியா நண்பர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை, அவர்களும் 'ஏ'தான். லண்டன், பாரிஸ்காரர்கள் 'பி'. அவர்களுக்கும் நம் கதைதான்.

இதையெல்லாம் இவ்வளவு பேசக் காரணம், நான் தஞ்சாவூரில் கேசட் கடை நடத்தியவன். வி.எச்.எஸ்., அப்புறம் விசிடி, அப்புறம் டிவிடி. இப்போது அதே இடத்தில் ஜெராக்ஸ் மிஷின் ஓடுகிறது. கடையில் 'பதேர் பாஞ்சாலி' கேசட் ஒன்று இருந்தது. யாரோ எடுத்த காப்பியிலிருந்து யாரோ எடுத்த காப்பி. கேட்டு வருகிறவர்கள் கல்லூரி வாத்தியார்கள், வங்கி வேலைக்கு மாற்றலாகி வந்த வங்காளிகள், இலக்கியம் படிக்கிற ஓரிருவர். அந்தக் காப்பியில் சப்டைட்டில் வெள்ளை எழுத்து. அபுவின் அப்பா ஹரிஹரின் வேட்டியும் வெள்ளை, நாணல் பூவும் வெள்ளை. அபுவும் அக்கா துர்காவும் ரயில் பார்க்க ஓடுகிற காட்சியில் எழுத்து எது, பூ எது என்று பிரிக்க முடியாது. அதைப் பார்த்துவிட்டுத்தான் பலர் "உலகத்தரம்" என்று தலையாட்டினோம். மரியாதைக்காகப் பாதி, புரிந்து பாதி.

இந்தப் பெட்டியைப் பற்றிப் பேசினால் நெகட்டிவ் எரிந்த கதையைச் சொல்லாமல் முடியாது. 1992-இல் ரேவுக்குச் சிறப்பு ஆஸ்கர் கொடுத்தபோது விழாவில் காட்ட அவர் படங்களின் நல்ல பிரதி கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. சரி, புதுப்பிக்கலாம் என்று ஒரிஜினல் நெகட்டிவ்களை லண்டனுக்கு அனுப்பினார்கள். 1993-இல் அங்கே ஹெண்டர்சன் லேபில் தீப்பிடித்தது. ரேயின் பல படங்களின் நெகட்டிவ் வெந்துபோனது. யாராக இருந்தாலும் மிச்சத்தைக் குப்பையில் கொட்டியிருப்பார்கள். ஆஸ்கர் அகாடமியின் ஆவணக் காப்பகம் அந்தக் கருகிய சுருள்களை வாங்கி அப்படியே பத்திரப்படுத்தியது. அப்போது அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. எந்த மிஷினிலும் ஓட்ட முடியாது.

இருபது வருடம் கழித்து, 2013-இல், க்ரைட்டீரியனும் அகாடமியும் சேர்ந்து அதை இத்தாலியின் பொலோஞாவில் இருக்கும் லிமாஜினே ரித்ரோவாத்தா லேபுக்குக் கொண்டுபோனார்கள். காய்ந்து மொறுமொறுத்துப் போன பிலிமுக்கு மருந்து கொடுத்து ஈரம் ஏற்றி, உருகி ஒட்டியிருந்த டேப்பையும் பசையையும் சுரண்டி எடுத்து, பிய்ந்துபோன ஓரத் துளைகளைக் கையாலேயே கட்டியிருக்கிறார்கள். கைவேலை மட்டும் ஏறக்குறைய ஆயிரம் மணி நேரம். அறுந்த கேசட் நாடாவை செலோடேப் போட்டு ஒட்டிச் சுற்றிக் கொடுத்த எனக்கே இதைப் படித்தபோது விரல் கூசியது. கடைசியில் 'பதேர் பாஞ்சாலி'யில் 40 சதவீதம், 'அபராஜிதோ'வில் 60 சதவீதத்துக்கு மேல் அந்த எரிந்த நெகட்டிவிலிருந்தே கிடைத்தது. மிச்சத்துக்கு வேறு நாடுகளின் காப்பகங்களில் இருந்த நல்ல பிரதிகளைத் தேடி எடுத்துச் சேர்த்திருக்கிறார்கள். 'அபுர் சன்சார்' மட்டும் பாவம். தப்பித்த ரீல் இரண்டும் உதவாமல் போனதால் முழுப்படமும் பிரதிகளிலிருந்துதான்.

சரி, படம் எப்படி இருக்கிறது?

என் அக்கா மகன் நியூஜெர்ஸியிலிருந்து பெட்டியைக் கொண்டுவந்தான். கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோ நண்பர் வீட்டில் அவர் பையனின் பிளேஸ்டேஷன் 5-இல் போட்டோம். (தனி 4கே பிளேயர் தேடி அலைய வேண்டாம். டிஸ்க் போடும் வசதியுள்ள பிஎஸ்5 போதும்.) நானும், ஸ்டுடியோ நண்பரும், இன்ஜினியரிங் படிக்கும் அவர் பையனும், கல்கத்தாவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற வங்கிக்காரர் ஒருவரும். நடுவில் நண்பரின் அம்மாவும் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். ஆரம்பித்ததும் முதல் பஞ்சாயத்து திரையின் இரண்டு பக்கமும் இருந்த கறுப்புப் பட்டைக்கு. "இழுத்து விடுடா, டிவி பூராத் தெரியட்டும்" என்றார் நண்பர். வங்கிக்காரர் ரிமோட்டைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டார். அந்தக் காலப் படச்சட்டம் அவ்வளவுதான். இழுத்தால் துர்கா குண்டாகிவிடுவாள்.

மழை வருகிற இடத்தைச் சொல்ல வேண்டும். பருவமழைக்கு முன்னால் குளத்தில் நீர்ப்பூச்சிகள் சறுக்கிக்கொண்டு போகும். எங்கள் பழைய கேசட்டில் அது வெறும் புள்ளிகள். விசிடியில் கட்டம் கட்டமாக உடைந்து கிடக்கும். இங்கே ஒவ்வொரு பூச்சியும் காலை அகட்டி நிற்கிறது, காலடியில் தண்ணீர் லேசாகக் குழிகிறது. ஆம்பல் இலை காற்றில் ஓரம் தூக்கி மடங்குகிறது. அப்புறம் தூண்டில் போட்டுக்கொண்டிருக்கும் ஆளின் வழுக்கை மண்டையில் முதல் சொட்டு விழுகிறது. சொட்டே தெரிகிறது! எல்லோரும் சிரித்துவிட்டோம். ரே சிரிக்க வைக்கத்தான் அதை எடுத்திருக்கிறார். பிரதி கெட்டுப்போய் இத்தனை வருடம் அந்த நகைச்சுவை எங்களை வந்து சேரவேயில்லை.

புயல் ராத்திரி இன்னொன்று. கதவு அடித்துக்கொள்ள, மாடத்தில் பிள்ளையார் ஆட, காய்ச்சலில் கிடக்கும் மகள் துர்காவோடு அம்மா சர்பஜயா இருக்கும் அந்தக் காட்சி பாதிக்குமேல் இருட்டு. பழைய பிரதிகளில் அது சாம்பல் மூட்டம். இப்போது இருட்டுக்குள்ளேயே சுவரும், தட்டியும், சாக்குத் திரையும் தனித்தனியாக நிற்கின்றன.

நண்பரின் அம்மாவுக்கு இங்கிலீஷ் எழுத்து ஓடுவது பிரச்சினையாகவே இல்லை. கிழவி இந்திர் டாக்ருன் கடைசியாக வீட்டைவிட்டுப் போகுமுன் குடித்த தண்ணீரின் மிச்சத்தைச் செடிக்கு ஊற்றுவாள். "போறப்பவும் செடிக்கு ஊத்திட்டுப் போறா பாரு, மகராசி" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அந்த வேடத்தில் நடித்த சுனிபாலா தேவிக்கு அப்போது எண்பது வயது. படம் வெளியாவதற்கு முன்பே இறந்துவிட்டார். அந்த முகத்தின் சுருக்கங்களை இவ்வளவு கூர்மையாகப் பார்ப்பதற்கே காசு கொடுக்கலாம்.

'அபராஜிதோ' போட்டதும் ஸ்டுடியோ நண்பர் நிமிர்ந்து உட்கார்ந்தார். காசி வீட்டு முற்றத்து வெளிச்சத்தைப் பார்த்து, "இது செட்டா? சும்மா சொல்லாதீங்க" என்றார். செட்தான். பன்சி சந்திரகுப்தா போட்டது. மேலே துணியைக் கட்டி, விளக்கை அதன்மேல் அடித்து, திரும்பி வரும் வெளிச்சத்தில் ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா எடுத்தார். நிழல் எங்கே விழுகிறதென்றே தெரியாது. இன்று ஒவ்வொரு கல்யாண மண்டபத்திலும் குடை விளக்கு வைத்து நண்பர் செய்வது இதைத்தான். 1956-இல் அதைச் செய்தவர், முந்தைய படம் தொடங்கும்போது மூவி கேமராவையே தொட்டதில்லை, வயது 21. நண்பர் மூன்று தடவை பின்னால் ஓட்டிப் பார்த்தார். அதே படத்தில் அம்மா தனியாக உட்கார்ந்திருக்க மின்மினிகள் பறக்கும் ராத்திரிக் காட்சி உண்டு. நிஜ மின்மினி அன்றைய பிலிமில் பதியாது என்பதால் கறுப்பு உடை போட்ட ஆட்களிடம் குட்டி பல்பைக் கொடுத்து எடுத்தது. 4கே-யில் குட்டு வெளிப்பட்டுவிடுமோ என்று பயந்தேன். இல்லை, மின்மினியாகவேதான் இருக்கிறது.

குறை சொல்லாமல் விட முடியுமா? ஒரு ஷாட் துல்லியமாக இருக்கும், வெட்டியதும் அடுத்த ஷாட் கொஞ்சம் மசமசப்பாக, வெளிச்சத்தில் மாவு பூசினாற்போல் இருக்கும். நெகட்டிவும் பிரதியும் மாறி மாறி வருகிற இடங்கள் அவை. எங்களுக்குள் இது விளையாட்டாகவே ஆகிவிட்டது. "இது எரிஞ்சது", "இது எரியாதது" என்று பையன் பந்தயம் கட்ட ஆரம்பித்தான். வங்கிக்காரருக்குக் கோபம். "துர்கா செத்துக்கிட்டிருக்கா, நீ நெகட்டிவ் எண்ணிக்கிட்டிருக்கே" என்று அதட்டினார்.

மூன்றாவது படத்துக்கு வந்தபோது பையன் கேட்டது நியாயமான கேள்வி: "அங்கிள், இது முழுக்க சாஃப்டா இருக்கே, இதுக்கு எதுக்கு 4கே?" உண்மைதான். 'அபுர் சன்சார்' மற்ற இரண்டைவிட ஒரு படி கீழே. ஆனால் முகத்தை மழமழவென்று தேய்த்து மெழுகுப் பொம்மை ஆக்கும் வேலையை இவர்கள் செய்யவில்லை. பிலிமின் துகள் துகளாகவே இருக்கிறது. புதுப்பித்ததாகச் சொல்லி வரும் எத்தனையோ படங்களில் கதாநாயகியின் கன்னத்தில் பவுடர் போட்ட பிளாஸ்டிக் மாதிரி ஒன்றைப் பார்த்து நொந்தவன் என்பதால் எனக்கு இதுவே நிம்மதி. காலையில் மனைவி அபர்ணா எழுந்து போனபின் படுக்கையில் கிடக்கும் கொண்டை ஊசியை அபு எடுத்துப் பார்ப்பான். அந்த ஊசி தெளிவாகத் தெரிகிறது. ஜன்னலின் கிழிந்த திரையில் இருக்கும் ஓட்டையும் தெரிகிறது. அது போதும் எனக்கு.

ஒலி மோனோ, அழுத்திச் சுருக்காதது. சில இடங்களில் அடியில் 'ஸ்ஸ்' இருக்கிறது, சிதார் வந்தால் மறந்துபோகும். முதல் படத்தின் பின்னணி இசையை ரவி சங்கர் ஏறக்குறைய ஒரே ராத்திரியில் வாசித்துக் கொடுத்திருக்கிறார். ஹரிஹர் ஊரிலிருந்து திரும்பி மகளுக்கு வாங்கிய புடவையை நீட்ட, சர்பஜயா வாய்விட்டு அழும் இடத்தில் அழுகைச் சத்தம் இருக்காது. தார் ஷெனாய் என்ற தந்தி வாத்தியம்தான் கதறும். அதை டிவி ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், ஹெட்போனாவது போடுங்கள்.

துணைச் சமாச்சாரங்களை ரீஜன் பூட்டில்லாத என் பழைய பிளேயரில் தனியாகப் பார்த்தேன். மூன்றாவது படத்தில் அபுவாக நடித்த சௌமித்ர சாட்டர்ஜியின் பேட்டியும், கேமரா உதவியாளராக இருந்த சௌமேந்து ராயின் பேட்டியும் இப்போது இன்னும் மதிப்பு கூடியவை. இருவருமே இன்று இல்லை. சிறுமி துர்காவாக வந்த ஷம்பாவும் பேசுகிறார். படத்தில் அம்மாவாக வந்த கருணா பானர்ஜிதான் அவருக்கு நிஜ அம்மா. 1958-இல் ரே தன் கட்டுரையைத் தானே வாசித்த ஒலிப்பதிவை விட்டுவிடாதீர்கள், என்ன குரல்! பொலோஞாவில் நடந்த வேலையைக் காட்டும் சிறு படம் ஒன்றும் உண்டு. முதலில் அதைப் பார்த்துவிட்டுப் படங்களுக்கு வந்தால் பையனின் கேள்விக்கு நான் பதில் சொல்லியிருக்கவே வேண்டாம். கையேட்டில் ரே வரைந்த காட்சிப் படங்கள் சில இருக்கின்றன. கட்டுரைகளும் நல்ல கட்டுரைகள்தான்.

ஆனால் ஆடியோ காமெண்டரி என்று ஒன்றுகூட இல்லை. இவ்வளவு மெனக்கெட்டவர்கள் யாரையாவது உட்கார வைத்துப் படம் முழுக்கப் பேச வைத்திருக்கலாம். வங்கிக்காரருக்கு அது வங்காளியில் வேண்டுமாம். சப்டைட்டிலும் இங்கிலீஷில் மட்டும். ஒரு இந்தியப் படத்தின் மிகச்சிறந்த பிரதியை அமெரிக்காவிலிருந்து, இந்திய மொழி எதிலும் சப்டைட்டில் இல்லாமல், பாதி டிஸ்க் இந்தியாவில் ஓடாத ரீஜனில் வாங்க வேண்டியிருக்கிறது. க்ரைட்டீரியனைக் குறை சொல்லிப் பயனில்லை, அவர்கள் கடை அவர்கள் ஊருக்கு. நம் பக்கத்தில் யாருக்கும் இதைச் செய்யத் தோன்றவில்லை என்பதுதான் எரிச்சல்.

ஏற்கெனவே 2015 ப்ளூ-ரே பெட்டியும் ஓட்டுகிற பிளேயரும் வைத்திருப்பவர்கள் 4கே-க்கு அவசரப்பட வேண்டாம். இரண்டும் அதே புதுப்பிப்பிலிருந்து வந்தவைதான். 55 அங்குல டிவியில் வித்தியாசம் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். புதிதாக வாங்குகிறவர்கள் 4கே-யே வாங்குங்கள், ரீஜன் தொல்லை பாதி குறையும். முழு விலைக்கு வாங்காதீர்கள். அமெரிக்காவில் பார்ன்ஸ் அண்ட் நோபிள் கடைகளில் ஜூலையிலும் நவம்பரிலும் க்ரைட்டீரியன் பாதி விலைக்குப் போகும். அக்கா மகன் அப்படித்தான் எடுத்தான். பார்சலில் வரவழைத்தால் சுங்கவரியும் கூரியர் கூலியும் சேர்ந்து பெட்டி விலையோடு போட்டி போடும். ஊருக்கு வருகிறவர் யாரிடமாவது சொல்லி சூட்கேஸுக்குள் வைத்துக் கொண்டுவரச் சொல்வதுதான் நல்லது.